நனையாத குச்சி

எனக்கு எழுபத்திரண்டு வயசு. நாலு பெத்தேன், நாலையும் வளத்து ஆளாக்குனேன். ரெண்டு பொண்ணு, ரெண்டு பையன். மேல்மலையில என் வயசுக்காரிகள்ல ஒரு பிள்ளையையும் சாகக் கொடுக்காதவ நான் ஒருத்திதான்னு சொல்லுவாங்க. சும்மா சொல்லல. எங்க காலத்துல பனிக்காத்துல பிள்ளைக்கு நெஞ்சுச்சளி கட்டுனா, கொடைக்கானல் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போற பாதி வழியிலயே முடிஞ்சுபோகும். நான் அப்படி ஒண்ணையும் விடல. கடைசியில, முப்பத்தெட்டு வயசு ஆம்பளையா வளந்து நின்ன இளையவனைக் கடல்ல விட்டேன். மூணு வருசம் ஆச்சு.

நான் ரெண்டாப்பு வரைக்கும்தான் படிச்சவ. பூண்டு மூட்டையில பேரும் ஊரும் எழுதிப் பழகுன கை இது. ஒரு பக்கம் எழுத அரைப் பகல் ஆகுது. ஆகட்டும். எனக்கு வேற சோலி இல்ல.

ஊரு ஒரு பேச்சுப் பேசுது. என் சின்ன மருமக கடல் பாக்கணும்னு ஆசைப்பட்டா, புருசனை அங்க கூட்டிட்டுப் போனா, அவளைக் காப்பாத்தப் போயித்தான் அவன் செத்தான். இதுதான் அந்தப் பேச்சு. அதுல கொஞ்சம் நெசம். மிச்சம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அவ சொல்லல. நானும் சொல்லல. இப்ப என் மூத்தவன், தம்பி பொண்டாட்டியை வத்தலக்குண்டுல அவ அண்ணன் வீட்டுக்கே அனுப்பிடணும், பிள்ளை மட்டும் நம்ம வீட்டுல வளரட்டும்னு முடிவு பண்ணிட்டான். வர்ற வெள்ளிக்கிழமை அந்த அண்ணன்காரர் அவளை அழைச்சுட்டுப் போக வர்றாரு. பதினோரு வயசுப் பிள்ளையை விட்டுட்டு அவ போகணும். அதுக்குள்ள எழுதி முடிக்கணும்னு உக்காந்திருக்கேன்.

எங்க தண்ணியைப் பத்தி முதல்ல சொன்னாத்தான் மத்தது விளங்கும்.

எங்க வீட்டுக்கும் பூண்டுக்காட்டுக்கும் நடுவுல ஒரு ஓடை. கோடையில கெண்டைக்காலு நனையாது. ஆனா மேலே சோலைக்காட்டுல மழை அடிச்சா இங்க வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துரும். சத்தம் கேட்டுத் திரும்புறதுக்குள்ள ஆளை இழுத்துட்டுப் போயிரும். அதனால எங்க பக்கத்துல ஒரு பழக்கம் உண்டு. ஓடையத் தாண்டி வேலைக்குப் போனா, தண்ணி வர்ற தெசையில கரையோரமா ஒரு குச்சி நடுவோம். ரெண்டு விரல் உசரத்துல ஒரு வெட்டுப் போடுவோம். வேலை செய்றவங்க அந்தக் குச்சி தெரியிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான் குனியணும். தண்ணி வெட்டைத் தொட்டுச்சுன்னா கையில இருக்கிறதைப் போட்டுட்டு வெரசா ஏறிரணும். தாண்டுற நேரம் தப்பிட்டா மேடான பாறையில ஏறிப் பேசாம உக்காந்துரணும். எங்க வெள்ளம் ஒரு மணி நேரம் ஆடும், அப்புறம் வடிஞ்சுரும். பொறுக்க மாட்டாம நடுவுல எறங்குனவங்கதான் எங்க ஊருல செத்திருக்காங்க.

எங்க தெருவுல குச்சி நடுறது நான்தான். வேற யாரு நட்டாலும் பொம்பளைக நம்ப மாட்டாளுக. "பெரியம்மா நட்டாங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் ஓடையில காலை வைப்பாளுக. ரெண்டு தடவை என் குச்சியால ஒம்பது பேரு உசுரோட கரையேறியிருக்காங்க. அதுல எனக்குப் பெருமை உண்டு. இல்லன்னு சொன்னா பொய்.

சித்திரை மாசம், ரெண்டாம் போகப் பூண்டு எடுத்துக் கட்டித் தொங்கவிட்டாச்சு. காட்டுல வேலை இல்ல. பேத்திக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடப் புத்தகத்துல கடல் படம் பாத்துட்டு, நெசமாவே உப்புக் கரிக்குமான்னு வீட்டையே கொடைஞ்சுக்கிட்டு இருந்தா. மருமக வத்தலக்குண்டுக்காரி, அவளும் கடல் பாத்தவ இல்ல. ஒருநா சோறு போட்டுக்கிட்டே சொன்னா.

"நம்ம எல்லாரும் ஒரு தடவை கடல் பாத்துட்டு வரலாமுங்க. அத்தையும் பாத்ததில்லைல."

இவ்வளவுதான் அவ சொன்னது. இந்த ஒரு பேச்சைத்தான் மூணு வருசமா ஊரு நோண்டிக்கிட்டு இருக்கு.

பெரியவன் வரல, பீன்சுக்குத் தண்ணி கட்டணும்னு இருந்துட்டான். நான், இளையவன், மருமக, பேத்தி, நாலு பேரு. வத்தலக்குண்டுல ஒரு காரு பேசி, மொத நாள் காலையில கெளம்பிக் கன்னியாகுமரியில போய்த் தங்குனோம். மறுநாள் சித்திரைப் பௌர்ணமி. அங்க எள்ளு போட எடமில்லாத கூட்டம். காரு ஓட்டுனவர்தான், "மேக்க கொஞ்சம் தள்ளிப் போனா பாறைக் கடற்கரை ஒண்ணு இருக்குங்க. பாறைக்குழியில மீனு, நண்டு எல்லாம் கெடக்கும், பிள்ளை வெளையாடும்"னு சொல்லி வெள்ளனே கூட்டிட்டுப் போனாரு.

மேட்டுல காரை நிறுத்திட்டு ஓட்டுனவர் டீக்கடைக்குப் போயிட்டாரு. நான் எறங்கிப் பாத்தேன். இம்புட்டுத் தண்ணியா! எனக்கு மொதல்ல வந்தது எரிச்சல்தான்.

"ஏலே, இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு பாத்திக்குப் பாய்ச்ச முடியாதா?" ன்னு கேட்டேன்.

"பாய்ச்சலாமே ஆத்தா. பூண்டு ஊறுகாயாவே மொளைக்கும்" ன்னான் இளையவன். மருமக வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அவன் அப்படித்தான், எதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பான்.

அந்த எடம் எப்படின்னா, கரையில ரெண்டாள் உசரத்துக்கு ஒரு பாறைச்சுவரு. அதுக்கு அடியில கொஞ்சம் மணல். அதுக்கு அங்கிட்டு ஒரு பள்ளம், நம்ம ஓடை மாதிரியே வளைஞ்சு போகுது, காலையில அதுல கணுக்கால் தண்ணிதான். பள்ளத்தைத் தாண்டுனா அகலமான பாறைத்தட்டு, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டுக் கெடக்கு. அந்தத் தட்டு முழுக்கக் குழி. உரல் மாதிரி சிலது, தொட்டி மாதிரி சிலது. எல்லாத்துலயும் தண்ணி கண்ணாடி கணக்கா நிக்குது. அலை தூரத்துல, தட்டோட நுனியிலதான் மோதிக்கிட்டு இருந்துச்சு.

செருப்பைப் பள்ளத்தோரம் கழட்டிப் போட்டுட்டுத் தாண்டுனோம்.

அந்தக் குழிகளை நான் மறக்கல. மறக்க முடிஞ்சா நல்லா இருக்கும். ஒரு குழியில விரல் நீளம் மீனு, பாறை நெறத்துலயே கெடந்துச்சு, நெழல் பட்டதும் ஓடி ஒளிஞ்சுச்சு. இன்னொண்ணுல செவப்பா ஒரு பூவு. பேத்தி விரலை வச்சதும் அது விரலைச் சூப்பிக்கிட்டு மூடிருச்சு. அவ போட்ட கூச்சல்ல காக்கா பறந்துபோச்சு. சின்னச் சங்கு ஒண்ணு தன்னால நடந்து போறதை இளையவன் பாத்துட்டான்.

"அப்பா, சங்குக்குக் காலு இருக்கு!"

"வாடகை வீடும்மா அது. உள்ள நண்டு குடியிருக்கு. உங்க பெரியப்பா மாதிரி, வீட்டை விட்டு வெளிய வரவே வராது."

"மூத்தவரைச் சொல்லாட்டி உங்களுக்குப் பொழுது போகாதே" ன்னா மருமக.

நான் அவங்களோட போகல. எனக்குச் சோலி இருந்துச்சு. பாறைச்சுவத்துல ஒரு எடத்துல நல்ல தண்ணி கசிஞ்சு வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அது அடியில மணல்ல தேங்கி, அங்கிருந்து நூல் மாதிரி பள்ளத்துக்குள்ள எறங்குச்சு. நான் அதைப் பாத்தேன். சரிதான், இதுதான் தண்ணி வர்ற தெசை, மேலே மழை பேஞ்சா இந்த வழியாத்தான் வரும்னு முடிவு பண்ணேன். தண்ணின்னா மேலே இருந்துதான் வரும். எழுபது வருசமா நான் பாத்த தண்ணி எல்லாம் அப்படித்தான் வந்துச்சு. கடலுங்கிறது அது போய்ச் சேர்ற கடைசிக் குழி, அது அங்கேயே கெடக்கும். இப்படித்தான் என் புத்தி இருந்துச்சு.

பக்கத்துல நின்ன பூவரசுல ஒரு கொப்பை ஒடிச்சேன். மருமக பழம் நறுக்கக் கொண்டுவந்த கத்தியால வெட்டுப் போட்டு, கசிவுத் தண்ணி ஓரம் மணல்ல நட்டேன். தட்டுக்குத் திரும்பி வந்து, குச்சி தெரியிற மாதிரி கரையைப் பாத்து உக்காந்தேன். கடல் என் முதுகுக்குப் பின்னால.

மருமக வந்து பாத்தா. குச்சியையும் கடலையும் திரும்பித் திரும்பிப் பாத்தா. அப்புறம் மெதுவாக் கேட்டா.

"அத்தே, அந்தப் பக்கமும் ஒண்ணு நட்டு வைக்கலாமா? கடல் பக்கம்."

"எதுக்கு?"

"தெரியல அத்தே. பெரிய தண்ணி அங்கதான இருக்கு."

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. கல்யாணம் ஆகி வந்த வருசம் ஓடையில கால் வைக்கப் பயந்து அழுதவ இவ. இவ எனக்குக் குச்சி நடச் சொல்லித் தர்றாளா? "கடலுக்குப் பொட்டு வச்சுப் பூவும் சுத்திட்டு வாயேன். போ, போய்ப் பிள்ளையப் பாரு" ன்னு விரட்டுனேன். இளையவன் சிரிச்சான். "ஆத்தாகிட்ட தண்ணியைப் பத்திப் பேசாத. மேகமே எங்க ஆத்தாகிட்டக் கேட்டுட்டுத்தான் பேயும்." அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா.

புளிச்சோறு கொண்டுபோயிருந்தோம். பத்து மணி வாக்குல சாப்பிட்டோம். அப்ப ஒரு பொம்பளை வந்தா. பாறையில ஒட்டுன சிப்பியைச் சொரண்டி எடுத்துப் பனையோலைப் பெட்டியில போட்டுக்கிட்டு நுனியில இருந்து திரும்பி வந்தா. என் மூத்த மக வயசு இருக்கும். எங்களைப் பாத்து நின்னா.

"பாட்டி, எந்த ஊரு?"

"கொடைக்கானல் மேல்மலை."

"சரி. எழும்பிப் போயிருங்க. இன்னைக்குப் பௌர்ணமி. இனி கடலு ஏறும். மதியத்துக்குள்ள இந்தத் தட்டே தெரியாது."

நான் திரும்பி நுனியைப் பாத்தேன். அலை அங்கேதான் இருந்துச்சு. குச்சியைப் பாத்தேன். காஞ்ச மணல்ல நட்டது நட்டபடி நின்னுச்சு.

"நாங்க தண்ணி பொறக்கிற எடத்துல இருந்து வர்றோம் தாயி. எங்களுக்குத் தண்ணியைத் தெரியும்" ன்னு சொன்னேன்.

அவ பெட்டியை இடுப்புல மாத்திக்கிட்டுச் சிரிச்சா. "பொறக்கிற எடத்துல எப்படியோ எனக்குத் தெரியாது. இங்கன அது வளந்து கொமரியாயிருக்கு. யாரு சொன்னாலும் கேக்காது. பிள்ளைய வச்சிருக்கீய, போயிருங்க." சொல்லிட்டுப் பள்ளத்தைத் தாண்டிப் போயிட்டா. அப்பவே அவ சேலையை முழங்காலுக்குத் தூக்கித்தான் தாண்டுனா. நான் பாத்தேன். பாத்தும் அதை மனசுல வாங்கிக்கல.

மருமக எந்திரிச்சுட்டா. "அத்தே, போயிருவோம். அந்தக்கா இந்த ஊருக்காரங்க."

"குச்சி என்ன சொல்லுது பாரு. இந்தப் பிள்ளை இன்னும் ஒரு குழி பாக்கணும்னு சொல்லுச்சு. உனக்குப் பயமா இருந்தா நீ போய்க் காருல உக்காரு."

இப்படிச் சொன்னா எந்த மருமகதான் போவா? அவ போகல. இளையவன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நுனிப்பக்கம் இருந்த பெரிய குழிக்குப் போனான். அஞ்சு கையுள்ள மீனு ஒண்ணு அதுல கெடக்குன்னு அங்கிருந்து கத்துனான். நான் குச்சியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மருமகதான் மொதல்ல கண்டா. "அத்தே, செருப்பு மிதக்குது."

திரும்புனேன். பள்ளத்தோரம் விட்ட செருப்பு நாலு சோடியும் பள்ளத்துக்குள்ள சுத்திக்கிட்டு இருந்துச்சு. பள்ளத்தோட ரெண்டு கோடியும் கடல்லதான் தெறக்குது, அந்த ரெண்டு வாயிலயும் கடல் உள்ள வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் உக்காந்த எடத்துல இருந்து பள்ளத்தோட அடி தெரியாது, அங்கிட்டுக் கரை மட்டுந்தான் தெரியும். அதுல என் குச்சி, காஞ்ச மணல்ல நிக்குது.

அப்பத் தொடை அளவுதான் இருந்துச்சு. அப்பவே எறங்கியிருந்தா நாலு பேரும் நடந்தே போயிருப்போம். இளையவன் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து எறங்கப் போனான். நான் கையைப் பிடிச்சு நிறுத்துனேன்.

"எறங்காதே. தாண்டத் தப்பிட்டா மேட்டுல உக்காந்துரணும். உனக்குத் தெரியாதா? வடியட்டும்."

"ஆத்தா, இது..."

"வடியும்டா. குச்சி நனையவே இல்ல. வந்த தண்ணி போயிரும்."

அவன் கேட்டான். சின்னப்பிள்ளையில இருந்து தண்ணி விசயத்துல என் பேச்சை மீறுனவன் இல்ல அவன். தட்டுல மேடான ஒரு திட்டுல ஏறி உக்காந்தோம். அரை மணி நேரம் இருக்கும். வடியல. ஒவ்வொரு தடவை அலை வரும்போதும் ஒரு குழி காணாமப் போச்சு. காலையில நாங்க குனிஞ்சு பாத்த பூவு, சங்கு, மீனு, எல்லாத்து மேலயும் தண்ணி ஏறி ஒண்ணாயிருச்சு. பேத்தி அழ ஆரம்பிச்சா. மருமக அவளை மடியில இழுத்து இறுக்கிக்கிட்டா. என்னைப் பாக்கக்கூட இல்ல.

இளையவன் எந்திரிச்சுச் சட்டையைக் கழட்டுனான். "இனி பொறுக்க முடியாது. ஆத்தா, நீ ஏறு."

"பிள்ளையை மொதல்ல கொண்டுபோ."

"பிள்ளையை அங்க யாரு பிடிச்சுக்கிறது? ஏறு."

உப்புமூட்டை தூக்குற மாதிரி முதுகுல என்னைத் தூக்கிக்கிட்டான். எங்கள்ல யாருக்கும் நீச்சல் தெரியாது. எங்க ஓடையில நீந்துற அளவுக்குத் தண்ணியும் நிக்காது, நின்னாலும் அந்தக் குளிர்ல யாரும் எறங்க மாட்டோம். அவன் இடுப்பு வரைக்கும் தண்ணி. ஒரு அலை தள்ளுச்சு, ஊனி நின்னு கரை சேத்தான். என்னை மணல்ல எறக்கிவிட்டான், குச்சிக்குப் பக்கத்துலயே. திரும்பிப் போனான். பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தான். இந்தத் தடவை நெஞ்சு வரைக்கும். கரையில வந்து மண்டி போட்டு உக்காந்து மூச்சு வாங்குனான். முழங்கால் ரெண்டும் பாறை கிழிச்சு ரத்தம்.

மருமக அந்தத் திட்டு மேல ஒத்தையா நின்னா. அவ கத்துனதை இப்ப எழுதுறேன். ஊருக்கு இது தெரியாது.

"வராதீங்க! நான் ஒசரத்துல இருக்கேன்! நீங்க வராதீங்க, ஆளைக் கூப்பிடுங்க!"

ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்துனா. அவன் எந்திரிச்சு நின்னு பள்ளத்தைப் பாத்தான். அவளைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான்.

"என்ன ஆத்தா? போகவா?"

நான் குச்சியைப் பாத்தேன். அதோட அடிகூட நனையல. இன்னும் மேலத்தண்ணி வரல, அதுவும் வந்துட்டா அவ கதி என்ன ஆகும்னு என் புத்தி ஓடுச்சு.

"போ. குச்சி நனையறதுக்குள்ள கூட்டிட்டு வந்துரு" ன்னேன்.

அவன் போனான்.

நடுப்பள்ளத்துல இருக்கும்போது ரெண்டு வாயில இருந்தும் ஒரே நேரத்துல அலை வந்துச்சு. பெரிய அலைகூட இல்ல. அவன் கால் ஊனலைப்போல. தலை தெரிஞ்சுச்சு, கை தெரிஞ்சுச்சு. மருமக திட்டுல இருந்து சேலை முந்தானையை எறிஞ்சா, எட்டல. அவன் கத்தல. எங்க யாரு பேரையும் சொல்லிக் கூப்பிடல. வாயில தண்ணி.

எங்க கூச்சல் கேட்டு அந்தச் சிப்பிக்காரிதான் ஆளுகளைக் கூட்டிட்டு ஓடி வந்தா. நாலு ஆம்பளைக கயித்தைக் கட்டிக்கிட்டு எறங்கி மருமகளைக் கொண்டுவந்தாங்க. அதுவரைக்கும் திட்டு முழுகல. அவ அங்கேயே நின்னிருந்தா போதும். யாரும் போயிருக்கவே வேண்டாம். அவனை அந்திப்பொழுதுல, கொஞ்சம் தள்ளி வேற ஒரு பாறை இடுக்குல இருந்து எடுத்தாங்க.

அவனைத் தேடிக்கிட்டு இருந்த நேரத்துல நான் ஒரு காரியம் செஞ்சேன். எல்லாரும் கடலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் குச்சியைப் பிடுங்குனேன். அது கடைசி வரைக்கும் நனையல. பாறைக்கு அங்கிட்டுப் புதருக்குள்ள வீசுனேன். திரும்புனா மருமக என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

போலீஸ்காரர் வந்து எழுதுனாரு. "யாரும்மா உங்களை அங்க போகச் சொன்னது?" ன்னு கேட்டாரு.

"மருமகதான் கடல் பாக்கணும்னா" ன்னு சொன்னேன்.

பொய் இல்ல. அவ பக்கத்துலதான் நின்னா. காதுல விழுந்துச்சு. அவர் அவளைப் பாத்து, "அப்படியாம்மா?" ன்னு கேட்டாரு. அவ, "ஆமாங்க" ன்னா. அவ்வளவுதான். அந்த "ஆமாங்க"வை எதுக்குச் சொன்னான்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. கேக்கத் தைரியம் இல்ல.

அவனைக் கொண்டுவந்த வண்டியில, மலை ஏறும்போது குளிரு ஏற ஆரம்பிச்சுச்சு. பிள்ளை அவ மடியில தூங்குச்சு. அவ தன் தோள்ல கெடந்த போர்வையை எடுத்து, "அத்தே, குளுருதா?" ன்னு என் மேல போட்டா. நான் வேணாம்னுகூடச் சொல்லல. போத்திக்கிட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் நடந்தது ஊரு அறிஞ்சது. போலீஸ்கிட்ட நான் சொன்ன அந்த ஒரு பேச்சு எங்களுக்கு முன்னாலயே மலை ஏறிருச்சு. எழவு வீட்டுல, "இவளுக்குக் கடலு கேட்டுச்சாம்" ன்னு அவ காதுபடவே பேசுனாளுக. பெரியவன் தம்பியைத் தூக்கி வளத்தவன், அவனால தாங்க முடியல. அன்னையில இருந்து அவகிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல. தண்ணி வேணும்னாலும் பிள்ளையை விட்டுத்தான் கேக்குறான். விசேச வீடுகளுக்கு அவளைக் கூப்பிடுறதில்ல. பூண்டு நடவுக்கு அவ பக்கத்துப் பாத்தியில உக்கார ஒரு பொம்பளை வர மாட்டேங்குறா. நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பவும் ஓடையில குச்சி நடச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுறாங்க. மூணு வருசமா நானும் போய் நட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பொம்பளைக அதை நம்பி எறங்குறாளுக. ஒவ்வொரு தடவையும் கடைசி ஆளு ஏறுற வரைக்கும் கரையை விட்டு நகராம நிக்கிறேன். வயசாச்சுன்னு நெனைக்கிறாங்க.

போன வாரம் பெரியவன் முடிவைச் சொன்னப்ப மருமக எதிர்த்துப் பேசல. உள்ள போனா. பிள்ளையோட பள்ளிக்கூடப் பாவாடையை எடுத்து மடிப்பு அவுத்து, நீளம் எறக்கித் தச்சுக்கிட்டு இருந்தா. அடுத்த வருசம் பிள்ளை வளந்துரும், அப்ப பக்கத்துல இருக்க மாட்டோம்னு தச்சா. பாத்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கு மத்தியானந்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

என் பிள்ளையைக் கொன்னது நான்னு எழுத மாட்டேன். கடல் கொன்னுச்சு. ஆனா அவனை அங்க உக்கார வச்சது நான். எறங்க விடாம பிடிச்சது நான். போகச் சொன்னதும் நான். அவ மூணு தடவை சரியாச் சொன்னா, மூணு தடவையும் வாயை அடைச்சது நான். இதுல அவ தப்பு ஒண்ணுகூட இல்ல. இதை ஊர்க்கூட்டத்துல நின்னு வாயால சொல்ல எனக்கு வரல. எழுபத்திரண்டு வருசமா நான் சொன்னது தப்புன்னு வாயால சொல்லிப் பழகல. அதனாலதான் எழுதுனேன்.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவ அண்ணன் வந்துட்டாரு. கூடத்துல உக்காந்து காப்பி குடிக்கிறாரு. பெரியவன் எதிர்ல இருக்கான். பை ரெண்டு வாசல்ல இருக்கு. மருமக அடுப்படியில நிக்கிறா.

ஏ பிள்ள, இங்க வா. இந்த நோட்டைப் பிடி. நீயும் அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கரையில நின்ன. உங்கப்பன் என்கிட்ட என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ, நான் கேட்டதில்ல. கூடத்துக்கு நடுவுல போய் நின்னுக்க. மொதப் பக்கத்துல இருந்து வாசி. எழுத்து புரியாத எடத்துல கூட்டிக் கூட்டி வாசி, விட்டுட்டுப் போகாத. உங்கம்மா நிறுத்தச் சொல்லுவா, நிறுத்தாத. பெரியப்பன் நோட்டைப் பிடுங்க வந்தா நான் எந்திரிச்சு நிக்கிறேன். சத்தமா வாசி, அடுப்படிக்குக் கேக்கணும். ம், ஆரம்பி.